இமைமயிரும் இரவுத் துளியும்

கண்ணை இமை காப்பதுபோல என்று சொல்லிப் பழகிய தமிழ்மக்கள், அவ்விமையின் விளிம்பிலே வரிசையாய் நிற்கும் மயிரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இமைப்பொழுது என்று காலத்தை அளந்தனர். கண் இமையாதவர் என்பதனாலே தேவரை இமையவர் என்றனர். நளன் கதையிலே, சுயம்வர மண்டபத்தில் நளன் வடிவிலே ஐவரைக் கண்டு திகைத்த தமயந்தி, உண்மை நளனை இனங்கண்டமைக்கு அவனுடைய கண்கள் இமைத்தமையும் ஒரு காரணமாயிற்று. ஆயினும் கூந்தலுக்குக் கிடைத்த வருணனையிற் பத்தில் ஒரு பங்குதானும் இமைமயிருக்குக் கிட்டவில்லை. மை தீட்டியோரும் கருமையை விரும்பினரேயன்றி, மயிரின் நீளத்தைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இன்றைய நிலை வேறு. நீண்டு அடர்ந்த இமைமயிர் விலைக்கு வாங்கப்படும் பொருளாகிவிட்டது. அதனை வளர்ப்பதாகச் சொல்லப்படும் எண்ணெயும் களிம்பும் சீரமும் கொழும்புக் கடைகளோடு நின்றுவிடாது மலைநாட்டுச் சிறுபட்டினங்களையும் எட்டியுள்ளன. பெரகலச் சந்தியும் இதற்கு விலக்கன்று. இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் கொழும்பு நெடுஞ்சாலை அங்கேதான் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்க, மற்றையது ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலேறிப் பதுளையை நோக்கிச் செல்கின்றது. தோட்டத்திற் பிறந்து, கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைபார்க்கும் இளம்பெண்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்திறங்கும் இடமும் அதுவே. வீட்டாருக்கென வாங்கிய துணிமணிகளுக்கிடையே, விரலளவான சீசா ஒன்றும் சிலவேளை அவர்களின் பைகளில் வந்துசேர்கின்றது.

அப்படி வந்த ஒருத்தியின் லயத்து வீட்டிலே, சுவாமிப் படத்துக்குக் கீழேயிருந்த பலகைத் தட்டில் வேறொரு சிறு சீசா முன்னரே இருந்தது. அது அவளுடைய அம்மாயியின் கண்மருந்து. பதுளைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கிலே கொடுத்தது. குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய்க்காக, இடக்கண்ணுக்கு மட்டும், இரவில் ஒரு துளி. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து கிள்ளிய அம்மூதாட்டியின் முகத்திலே ஒரு புதுமை நிகழ்ந்திருந்தது. வலக்கண்ணின் மயிர்கள் வயதுக்கேற்ப நரைத்துக் குறுகியிருக்க, இடக்கண்ணின் மயிர்கள் கறுத்து, நீண்டு, நுனி வளைந்து நின்றன.

"ஏன் அம்மாயி, இந்தக் கண்ணு மட்டும் கொமரிப் புள்ள கண்ணு மாதிரி இருக்கு?"

"அது மருந்து விடுற கண்ணு தாயி. எனக்கு எதுக்கு இந்த மயிரு? கண்ணு தெரிஞ்சாப் போதும்."

பேத்தியின் கவனமோ அந்த மயிரிலேயே நின்றது. சில மாதங்களாக அவளுடைய இமைமயிர்கள் முகங்கழுவும்போதெல்லாம் ஒன்றிரண்டாக உதிர்ந்து கொண்டிருந்தன. உடன் வேலைசெய்வோர் சொல்லக்கேட்டு, சம்பளத்தில் ஒரு நல்ல பங்கைக் கொடுத்து அவள் வாங்கி வந்த சீரத்தால் எரிச்சலன்றி வேறொன்றும் விளையவில்லை. காசு கொடாமலே வீட்டில் இருக்கும் மருந்து அம்மாயியின் கண்ணில் இத்தனை செய்ததாயின், தன் கண்ணிலும் செய்யாதோ என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை.

அவ்வெண்ணம் பேதைமையும் அன்று. உலகத்தின் மருத்துவரும் மருந்து வணிகரும் அதே வழியிற்றான் சென்றனர். கண்ணினுள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடும்போது பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைவது குளுக்கோமாவின் பொதுவான போக்காகும். அந்நீர் வடிவதற்கு வழிசெய்யும் மருந்தாக லற்றானோபுரொஸ்ற் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டிலேயே மரே ஜோன்ஸ்ற்றன் என்னும் அமெரிக்கக் கண்மருத்துவர், ஒரு கண்ணுக்கு மட்டும் இம்மருந்தை இட்டுவந்த நோயாளரின் இமைமயிர்கள் அக்கண்ணில் மட்டும் நீண்டும் தடித்தும் கறுத்தும் எண்ணிக்கையிற் கூடியும் இருந்தமையை மருத்துவ ஏட்டில் விவரித்தார். மருந்திடாத மறுகண் அருகிலேயே சாட்சியாய் இருந்தமையால் அதற்கு வேறு காரணம் தேடவேண்டியதாயிருக்கவில்லை. பெரகல மலையிலே பேத்தி கண்டதும் இதனையே.

இம்மருந்துகள் புரொஸ்ராகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் பொருளொன்றைப் பின்பற்றி ஆக்கப்பட்டவை. தலைமயிர் ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்காக வளர்ந்தபின்னரே ஓய்வுகொண்டு உதிர்கின்றது. இமைமயிரோ ஒன்றிரண்டு மாதங்கள் மட்டும் வளர்ந்து, பின் நெடுங்காலம் வளராது நின்று, உதிர்ந்து, மீண்டும் முளைக்கின்றது. அது தலைமயிர்போல நீளாமைக்குக் காரணம் இதுவே. புரொஸ்ராகிளாண்டின் வகைத் துளி, ஓய்ந்திருக்கும் மயிர்க்கால்களை எழுப்பி, வளரும் பருவத்தையும் நீட்டிவிடுகின்றது என விளக்குவர்.

இவ்வினத்தைச் சேர்ந்த பைமற்றோபுரொஸ்ற் 2001இல் குளுக்கோமா மருந்தாக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2008 டிசம்பரில் அதே மருந்து, நூற்றுக்கு 0.03 என்ற அதே செறிவில், இமைமயிர் வளர்ப்பதற்கென்றே வேறு பெயரோடு அங்கே அனுமதி பெற்றது. அதற்கு ஆதாரமான ஆய்விற் கலந்துகொண்டோர் 278 பேர். பதினாறு வாரங்களின் பின் மருந்திட்டோரில் நூற்றுக்கு 78 பேரிடமும், வெறுந்துளி இட்டோரில் நூற்றுக்கு 18 பேரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. மயிரின் நீளம் சராசரியாக 1.4 மில்லிமீற்றர், அதாவது நூற்றுக்கு 25 பங்கு, கூடிற்று. அடர்த்தி ஏறத்தாழ இருமடங்காயிற்று. வெறுந்துளி இட்டோரிலும் ஐவரில் ஒருவர் அளவில் முன்னேற்றம் காணப்பட்டமை நோக்கற்பாலது. எண்ணெயைப் பூசி மயிர் வளர்ந்தது என்று அயல்வீட்டார் சொல்லும் சாட்சியத்தை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதற்கு இந்த 18 ஒரு நல்ல அளவுகோல்.

ஆகவே, பலன் உண்டா என்ற வினாவுக்கு ஐயமற்ற விடை உண்டு. ஆனால் அப்பலன் இரவல் பெற்றது. இரண்டு மாதமளவிற் தெரியத் தொடங்கி, நான்கு மாதத்தில் முழுமைபெறும் வளர்ச்சி, மருந்தை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலைக்கே திரும்பிவிடும். வேண்டுமென்போர் தொடர்ந்து பூசிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

அதற்குரிய விலை காசு மட்டுமன்று. நூற்றுக்கு நான்குபேர் அளவிற் கண் அரித்துச் சிவக்கின்றது. இது சிறிய தொல்லை. இமைத்தோல் கறுத்துப்போவதுண்டு, மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் மாறும். கருவிழியைச் சூழ்ந்த நிறவளையம் கபில நிறங் கொள்ளுமாயின் அது மாறாது. எம்மவரின் கண்கள் இயல்பிலேயே கரியனவாதலால் அம்மாற்றம் வெளிப்படத் தெரியாது போகலாம். கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்புக் கரைந்து, மேலிமை குழிந்து, கண்கள் உள்வாங்கியது போலத் தோன்றுதலும் இவ்வின மருந்துகளைத் தொடர்ந்து பாவிப்போரிடம் காணப்பட்டுள்ளது. அழகுக்கென இட்ட துளி இருபது வயதுப் பெண்ணின் முகத்துக்கு முதுமையைத் தருமாயின் அதனை என்னவென்பது! துளி வழிந்த கன்னத்தில் மயிர் முளைத்தலும் உண்டு. இதனாலேதான் கிருமிநீக்கிய தூரிகையால் மேலிமையின் விளிம்பில் மட்டும் தடவி, மிகுதியை ஒற்றியெடுக்க வேண்டும் என விதித்துள்ளனர். குளுக்கோமாவுக்கெனக் கண்ணுள் விடும் முறையும், மயிருக்கென இமையிற் தடவும் முறையும் ஒன்றல்ல.

பேத்தி அம்மாயியின் சீசாவைக் கையிலெடுத்தபோது தாய் தடுத்தாள். அவளுக்கு இவ்விவரம் எதுவும் தெரியாது. அவள் அறிந்தது, மாதம் முடியுமுன் மருந்து முடிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை அம்மாயிக்குத் துளி இல்லை என்பதே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தை அவள் மறந்தவளல்லள். தாயின் கணக்கு மருத்துவக் கணக்கிலும் சரியானதே. குளுக்கோமா வலியின்றி வருவது. ஒருநாள் துளி தவறினால் நோயாளிக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. பல நாள் தவறினாலும் தெரியாது. தெரியவரும்போது இழந்த பார்வை மீளாது. இருவர் ஒரே சீசாவைத் தொட்டால், ஒருவர் கண்ணின் கிருமி மற்றவர் கண்ணுக்குச் சேரும் என்பது அதற்கு மேலான கேடு. லற்றானோபுரொஸ்ற் சீசாவைத் திறந்தபின் 25 பாகை வெப்பத்துக்கு மேற்படாத இடத்தில் வைத்து ஆறு வாரங்களுக்குள் பாவித்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில்லாத லயத்து வீட்டுக்கு மலைநாட்டின் குளிர் இவ்வகையில் ஓர் உதவியே.

இனி, அவள் காசு கொடுத்து வாங்கிய சீரத்துக்கு வருவோம். இத்தகைய சீசாக்களில் ஒருவகை, பெயரளவில் அழகுச்சாதனமாயும் உள்ளடக்கத்தில் மருந்தாயும் இருப்பது. 2007 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட இமைமயிர்ச் சாதனக் குழாய்களைக் கைப்பற்றினர். அழகுச்சாதனம் என விற்கப்பட்ட அவற்றில் இருந்தது பைமற்றோபுரொஸ்ற். பின்னர் ஐசோபுரொப்பைல் குளோபுரொஸ்ரனேற் முதலான உறவுப் பொருட்களைக் கலந்து விற்போரும் தோன்றினர். இரண்டாவது வகையில் விற்றமினும் புரதத் துணுக்கும் தாவரச் சாறும் இருக்கும். மயிர் வளர்வதற்கான தக்க சான்று இராது. கைக்கு வந்த சீசா எவ்வகையினது என்பதை அதன் மேலட்டையைக் கொண்டு அறியலாமென்றால், அட்டையில் அச்சிட்ட பெயர்தானும் உண்மையாயிருத்தல் வேண்டுமே. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுச்சாதனம், மருத்துவக் கருவி, மருந்து ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தழுவியிருந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோது, மருந்துக்கும் மருந்தல்லாததற்கும் இடைப்பட்ட பொருட்களைத் தனி வகையாகக் கொண்டது. இமைமயிர்ச் சீரம் நிற்பது அந்த எல்லைக் கோட்டின் மேலேயாம்.

இவ்வாணிகம் புதியதுமன்று. பின்னாளில் மேபலீன் என உலகறிந்த நிறுவனத்தின் தொடக்கம், 1915ஆம் ஆண்டளவில் இமைமயிரும் புருவமும் வளர்வதற்கென விற்கப்பட்ட ஒரு வசலின் கலவையே. 1933இல் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் அமெரிக்கப் பெண்ணொருத்தியின் கண்களைப் பறித்தது. அதிலிருந்தது பராபீனைலீன்டையமீன் என்னும், இன்றும் தலைமயிர்ச் சாயங்களிற் காணப்படும் பொருள். வேறொரு பெண் அதனால் இறந்தமையும் மருத்துவ ஏட்டிற் பதிவாயிற்று. 1906ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலே அழகுச்சாதனங்கள் அடங்காமையால் அரசினால் அதனைத் தடைசெய்ய இயலவில்லை. 1938இற் புதிய சட்டம் பிறந்தபின்னரே லாஷ் லூர் கைப்பற்றப்பட்டது.

தோட்டத்துப் பாட்டிமாரின் கைவைத்தியத்தைக் கூறாது விடுதல் முறையன்று. விளக்கெண்ணெயைத் துணிநுனியில் தொட்டு இமையிற் தடவுதல் இன்றும் வழக்கிலுள்ளது. அதனால் மயிர் நீளும் என்பதற்கு ஏற்ற ஆய்வு இல்லை. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் குடலை இளக்குவது புரொஸ்ராகிளாண்டின் ஏற்பிகளுள் ஒன்றைத் தூண்டுவதனாலேயே என்று 2012இல் ஆய்வாளர் கண்டனர். அதனைக் கொண்டு மயிரும் வளரும் என எழுதுவோர் உளர். பேதிமருந்து குடலிற் செய்வதை இமையிலும் செய்யும் என்று கொள்வது துணிபாகாது. எண்ணெய் பூசிய மயிர் முறியாது, பளபளத்து, தடித்ததாகத் தோன்றும் என்பது மெய். அதனால் மனம் மகிழ்வோரைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் பலநாள் திறந்துகிடந்த எண்ணெய் கண்ணுக்குள் வழிந்தால் பார்வை மங்கும், எரிச்சலும் தரும்.

மையின் கதை இதனினும் கவலைக்குரியது. விளக்குச் சுடரின்மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துப் புகைக்கரியைத் திரட்டி எண்ணெயிற் குழைத்த வீட்டுமை ஒன்று; அஞ்சனக்கல்லை அரைத்து விற்கும் சுர்மா மற்றொன்று. பின்னதிலே ஈயக் கந்தகம் பெரும்பகுதியாக இருத்தலைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. மை தீட்டினால் குழந்தையின் கண் பெரிதாகும், இமைமயிர் அடரும் என்று நம்புவோர் உண்டு. குழந்தையோ கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். ஈயம் இரத்தத்திற் சேர்ந்து மூளை வளர்ச்சியைத் தாக்கும். கண்ணேறு கழிக்கக் கன்னத்திலே பொட்டு வைக்கவேண்டுமாயின் வீட்டுக்கரியே போதும். அதனைக் கண்ணுக்குள் இழுக்க ஒரு நியாயமும் இல்லை.

இவ்வளவும் வளர்ப்பது பற்றிய பேச்சு. உதிர்ந்தது ஏன் என்ற கேள்வியை விற்பவனும் கேட்பதில்லை, வாங்குபவளும் கேட்பதில்லை. அடுத்த கிளினிக் நாளில் பேத்தி அம்மாயியைக் கைபிடித்துப் பதுளைக்கு அழைத்துச் சென்றாள். முறை வந்தபோது, தயங்கித் தயங்கித் தன் குறையையும் சொன்னாள். மருத்துவர் இமையைப் புரட்டி விளக்கொளியிற் பார்த்தார். மயிரடியிலே பொடுகு போன்ற செதிள் படிந்து, விளிம்பு வீங்கிச் சிவந்திருந்தது. இமைவிளிம்பின் அழற்சி, மிகச் சாதாரணமான நோய். கொதித்தாறிய இளஞ்சூட்டு நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் சில நிமிடம் வைத்து, விளிம்பைத் துடைத்துவரும்படி சொன்னார். சீரத்தை உடனே நிறுத்தச் சொன்னார். மயிர்க்கால் அழியாதவரை உதிர்ந்தது தானே முளைக்கும் என்றும் கூறினார். அவளுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. இத்தனை காசு செலவழித்ததற்கு மருந்து வெந்நீர்தானா என்று பஸ்ஸில் வரும்போது அம்மாயியிடம் குறைபட்டுக்கொண்டாளாம்.

எல்லோருக்கும் விடை அவ்வளவு எளிதாக அமைவதில்லை. தைரொயிட் சுரப்பியின் கோளாறினாலும், புழுவெட்டினாலும், மனக்கலக்கத்தில் தன்னையறியாமலே பிடுங்கும் பழக்கத்தினாலும் இமை மொட்டையாகலாம். ஓரிமையில் ஓரிடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்து, அங்கே சிறு கட்டியும் இருக்குமாயின் அது புற்றாகவும் இருக்கக்கூடும். தொழுநோயின் அடையாளங்களுள்ளும் புருவமும் இமைமயிரும் உதிர்தல் பண்டுதொட்டு அறியப்பட்டதொன்று. ஒல்லாந்தர் ஹெந்தளையிலே தொழுநோயாளருக்கென 1708இல் வைத்தியசாலை கட்டிய இந்நாட்டில், 1983இற் புகுத்தப்பட்ட கூட்டுமருந்துச் சிகிச்சையினால் நோய் வெகுவாகக் குறைந்து, 1995இல் தேசிய அளவில் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் பல்லாண்டுகளாக ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவசமாகக் கிடைக்கும் மருந்தை உண்டால் முற்றாகத் தீரும் நோய் அது. புருவத்தின் வெளிநுனி உதிரத் தொடங்கியவர் அதனை மைக்கோலால் வரைந்து மறைத்து, இமைக்குச் சீரம் பூசிக்கொண்டிருப்பாராயின், நரம்புகள் மரத்து விரல்கள் மடங்கும்வரை நோய் ஒளிந்திருக்க இடம் கிடைத்துவிடும்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஊவாவிலிருந்து செல்லும் புற்றுநோயாளரின் துயரம் வேறு வகையினது. மருந்தேற்றிய சில வாரங்களில் தலைமயிரோடு புருவமும் இமைமயிரும் உதிர்கின்றன. தலைக்கு முக்காடு உண்டு. இமைக்கு என்ன உண்டு? பைமற்றோபுரொஸ்ற் இத்தகையோரிலும் ஆராயப்பட்டு, மயிர் மீளமுளைப்பதை விரைவுபடுத்தியமை காணப்பட்டுள்ளது. மருந்தேற்றல் முடிந்த சில மாதங்களில் பெரும்பாலாருக்கு அது தானாகவும் முளைக்கின்றது. கண்ணாடியிலே தன் முகத்தைத் தானே அறியாத ஒருத்தி, மருத்துவரின் மேற்பார்வையில், அந்த இரண்டு மாதத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புவதை அழகுமோகம் என்று ஒதுக்கிவிடுதல் இரக்கமற்ற செயல். வேலை செய்யும் மருந்து தீங்கற்றதன்று. தீங்கு குறைந்த எண்ணெயோ வேலை செய்வதில்லை. அப்படியிருந்தும் தீங்கை ஏற்பதற்குத் தக்க காரணம் உடையோர் இத்தகையோரே.

இயற்கையின் அளவையும் இங்கே கருதலாம். 2015இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர், பாலூட்டி விலங்குகள் இருபத்திரண்டின் இமைமயிரை அளந்தனர். விலங்கு பெரிதாயினும் சிறிதாயினும் மயிரின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. பின்னர் நீர் நிரப்பிய சிறு கிண்ணத்தைக் கண்ணாகவும் அதன் விளிம்பிலே நட்டவற்றை இமைமயிராகவும் கொண்டு, காற்றுக் குழாயினுள் வைத்துப் பரிசோதித்தனர். அந்த மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் கண் உலர்தலும் தூசு படிதலும் பாதியளவுக்குக் குறைந்தன. அதற்கு மேல் நீண்ட மயிரோ ஓடுங்காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பிவிட்டது.

பெரகலவிலே காற்று ஓய்வது அரிது. தெற்கே விரிந்துகிடக்கும் தாழ்நிலத்திலிருந்து மலைச்சுவரில் மோதி, ஹப்புத்தளைக் கணவாயை நோக்கி மேலேறும் காற்றில், கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்கள் பேசுவதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் வேண்டும். வறண்ட மாதங்களில் பாதைப் புழுதியும் அதனோடு சேர்ந்து வருகின்றது. அங்கே நாள்முழுதும் நிற்பவர்களின் கண்ணுக்கு முன்னே எட்டோ பத்தோ மில்லிமீற்றர் நீளமான மயிர்வேலி ஒன்று இமைக்குந்தோறும் எழுந்து விழுந்துகொண்டிருக்கின்றது. அம்மாயியின் இடக்கண்ணில் அது சற்று நீண்டுவிட்டது. மருந்திட்டதிலிருந்து காற்றடிக்கும்போது அந்தக் கண்ணே முதலில் நீர் சொரிகிறது என்கிறாள் அவள். மருந்தின் எரிச்சலோ, மயிரின் நீளமோ, வயதோ, யாதோ ஒன்று. இரவில் துளி விடுவதை மட்டும் அவள் நிறுத்தியதில்லை. பேத்தி கொழும்பிலிருந்து ஒன்பது மணிக்கு அழைத்து, "மருந்து விட்டாச்சா அம்மாயி?" என்று கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறாள்.